சுவரில் தொங்கிய பிள்ளைப் போர்வை

வெள்ளிக்கிழமை காலை 6.50க்கு மதுரையிலிருந்து கிளம்பும் ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் திரும்பி வந்த நாளிலிருந்து, நான் சண்டை போடுவதற்கென்றே டிக்கெட் எடுத்துப் போனதாக வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் செல்லூரில் பதினெட்டு வருடமாகத் தையல் வகுப்பு நடத்துகிறேன். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பைத்தியம் பிடித்து நாலைந்து வருடம் ஆகிறது. என்னோடு சேர்ந்து இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் வகுப்பில் ஏழு பேர். சனிக்கிழமைதோறும் வெட்டுத்துணிகளை நடுவில் குவித்துக்கொண்டு சதுரமும் முக்கோணமுமாக இணைத்துத் தைப்போம். அவர்களில் ஒருத்தியின் செல்போனுக்குத்தான் அந்த அழைப்பு வந்தது. ராமேஸ்வரத்தில் மூன்று நாள் துணிக்கலைக் கண்காட்சி, பெயர் ‘நூலும் நீரும்’. எல்லோரும் போகலாம் என்று ஆரம்பித்த பேச்சு, மாமியார், பரீட்சை, மூட்டுவலி என்று ஒவ்வொருவராகக் கழன்று கடைசியில் நான் மட்டும் ரயிலில் இருந்தேன்.

161 கிலோமீட்டர், நாற்பது ரூபாய் டிக்கெட். பரமக்குடியில் ஏறிய ஓர் அம்மாள் எதிரில் உட்கார்ந்து, தீர்த்தமாடப் போகிறேனா என்று விசாரித்தார். போர்வை பார்க்கப் போகிறேன் என்றேன். மதுரையில் போர்வை கிடைக்காதா என்று கேட்டார். விற்பனைக்கு இல்லை, சும்மா பார்ப்பதற்கு என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உச்சிப்புளி தாண்டியதும் ஆடிக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. மண்டபம் கேம்ப் என்ற ஸ்டேஷனில் வண்டி ஒரு நிமிடம் நின்றது. நான் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தேனா என்பதுகூட நினைவில்லை. பாம்பன் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தபோது எல்லோரையும் போல நானும் எழுந்து நின்று கீழே படகுகளைப் பார்த்தேன்.

காலை 10.40. ராமேஸ்வரம் ஸ்டேஷன் வாசலில் முனியசாமி என்பவரின் ஆட்டோ கிடைத்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். கண்காட்சி நடக்கும் இடம் தனுஷ்கோடி சாலையில் ஐந்து கிலோமீட்டரில் ஒரு விடுதியின் கல்யாண மண்டபம். நூற்றைம்பது ரூபாய் கேட்டார், கொடுத்தேன். நான் தையல் டீச்சர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கம் மதியத்துக்கு மேல் வண்டி கிடைக்காது என்று தன் செல்போன் எண்ணையும் எழுதிக் கொடுத்தார்.

மூன்று நாளுக்கும் சேர்த்து நுழைவுக் கட்டணம் இருநூறு. வாசலில் ஒரு பலகையில், மறுநாள் ‘நிதானத் தையல்’ பயிற்சி, ஆளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு என்று எழுதியிருந்தது. நிதானமாகத் தைக்கக் கற்றுக்கொடுக்க இவ்வளவு வாங்கலாம் என்று தெரிந்திருந்தால் என் வகுப்புக்கு எப்போதோ மெத்தைவீடு கட்டியிருப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது கோபமில்லை, வெறும் வயிற்றெரிச்சல்.

நல்லதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்த அரங்கில் நான் கும்பிட்ட வேலைகள் இருந்தன. கோவைக்காரப் பெண் ஒருவர் கரையில் ஒதுங்கிய அறுந்த நைலான் வலைகளைப் பழைய பட்டுத் துண்டுகளோடு சேர்த்து எட்டடிக்குத் தைத்திருந்தார். பச்சை வலைக்கு மேல் ஊதாப் பட்டு. காற்றாடி ஓடும்போது அது மூச்சு விட்டது. இன்னொருவர் கிழிந்த ஜீன்ஸ் துணிகளை வெளிறியதிலிருந்து கறுப்பு வரை வரிசையாக இணைத்துக் கடலின் ஆழத்தைக் காட்டியிருந்தார். அதன் முன்னால் நின்று நோட்டில் படம் போட்டுக்கொண்டேன். கோவைக்காரரிடம் வலை நைலானில் ஊசி வழுக்காதா என்று கேட்டேன். மெழுகு தடவிய நூலைக் காட்டி, எனக்கும் ஒரு கண்டு கொடுத்தார். ஒரு மணி நேரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

கடைசிச் சுவரில் அது தொங்கியது. நாலடிக்கு மூன்றடி, சின்னப் போர்வை. மங்கிய பருத்தித் துணிமேல் பதினொரு ஒட்டுகள். ஒவ்வோர் ஒட்டும் வேறு வேறு கை தைத்தது என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஒரு கை பொடிப்பொடியாக ஓட்டுத் தையல் போட்டிருந்தது, ஒரு கை அவசரத்தில் இழுத்திருந்தது, ஒன்று இடதுகைக்காரியின் தையல். எனக்கு விளங்காத விஷயம் ஒன்றுதான். நூல் முடிச்சுகள் எல்லாம் மேல்பக்கம் இருந்தன. என் வகுப்பில் முதல் வாரத்திலேயே முடிச்சை உள்ளே மறைக்கக் கற்றுக்கொடுத்துவிடுவேன். தேர்ந்த கைகள் பதினொன்றும் சொல்லிவைத்தாற்போல முடிச்சை வெளியே விட்டிருந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

பக்கத்தில் பெயர் அட்டை. தலைப்பு ‘வடுக்கள்’. ‘பழைய சேலைகள், கைத்தையல். ஒவ்வொரு முடிச்சும் அகதிப் பெண்ணின் ஆறாத காயம். கைகள்: அறியப்படாதவை. சேகரிப்பு, கருத்தாக்கம்: நிவேதா.’ கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வெல்வெட்டுத் துணிமேல், கருமணி கோத்த ஒரு சின்ன வளையல். அதன் அட்டையில் ‘கடற்கரைப் பெண்களின் மரபு அணிகலன்’ என்று இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். அது வசம்பு வளையல். பச்சைப்பிள்ளை கையில் கட்டுவது. இரண்டு விரல்கூட நுழையாத வளையலை எந்தப் பெண் போட்டுக்கொள்வாள்?

தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது. தொட்டேன். தையல்காரி துணியைக் கையால்தான் பார்ப்பாள், என்னால் வேறு மாதிரி முடியாது. ஓரத்தைப் பிடித்த கை திடுக்கிட்டது. இத்தனை வருடம் துவைத்த பருத்தி விரலில் குழைந்து விழ வேண்டும். இது விறைப்பாக நின்றது. பின்பக்கம் தடவினேன். சட்டைக் காலருக்குள் வைத்துத் தேய்ப்போமே, பசைக் கேன்வாஸ், அதை முழுப் போர்வைக்கும் பின்னால் வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒட்டியிருந்தார்கள்.

“மேடம், ப்ளீஸ் தொடாதீங்க” என்று குரல் வந்தது. நிவேதா அவர்தான். முப்பத்தைந்து வயது, கைத்தறிச் சேலை, மும்பையில் வளர்ந்து இப்போது சென்னையில் இருப்பவர். ஏன் கேன்வாஸ் ஒட்டினீர்கள் என்று கேட்டேன். பழைய துணி தொங்கவிட்டால் தொய்கிறது, படத்தில் சுருக்கமாக விழுகிறது, இப்போது ஐம்பது வருடம் அப்படியே நிற்கும் என்றார். அவருக்கு அதில் பெருமை இருந்தது. யார் தைத்தது என்றேன். மண்டபம் அகதி முகாமில் வாங்கியதாகச் சொன்னார். அப்படியென்றால் பெயர் தெரியுமே, ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

“பேர் போட்டா அது யாரோ ஒருத்தரோட போர்வை ஆயிடும் மேடம். பேர் இல்லாம இருக்கறதுதான் பவர்ஃபுல்.”

‘கருத்தாக்கம்: நிவேதா’ என்பது மட்டும் பவர் குறையாமல் எப்படி அட்டையில் நிற்கிறது என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்து, என்னைப் பயிற்சி வகுப்புக்கு வரும்படி அழைத்து, தன் விலாச அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் போர்வையைச் செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பிற்பகல் 1.30. முனியசாமியை வரச்சொல்லி, ஊருக்குள் ஒரு கடையில் நூற்றிருபது ரூபாய்க்கு மீன்சாப்பாடு. அவரையும் உட்காரச் சொன்னேன். சாப்பிடாமல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த என் கையிலிருந்து அவர் எட்டிப் பார்த்தார்.

“இந்தா, இது என் கைலி” என்று நீலக் கட்டம் போட்ட ஓர் ஒட்டின் மேல் விரல் வைத்தார். நான் நிமிர்ந்தேன். “கேம்ப் போர்வை டீச்சர் இது. எம் மக பொறந்தப்ப வாங்கிட்டு வந்து கிடத்துனோம். நடக்க ஆரம்பிச்சதும் எங்க துணியில ஒரு ஒட்டுப் போட்டுத் திருப்பிக் குடுத்தோம். யாரு கேட்டாலும் குடுத்துருவாக. எதுக்குன்னு கேக்க மாட்டாக.”

அவர் மனைவி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் யோகேஸ்வரி என்ற அக்காதான் அந்தப் போர்வைக்குப் பொறுப்பு என்றும், முகாமுக்குள் நம்மை விடமாட்டார்கள், ஆனால் வாசலுக்கு எதிரில் சாலையோரத்தில் அவர் கடை இருக்கிறது என்றும் சொன்னார். இருபது கிலோமீட்டர், ஐந்நூறு ரூபாய். மிச்சச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தேன்.

மாலை 3.30. மண்டபம். தகரக் கூரை போட்ட சின்னக் கடை, ஒரு மிஷின், சுவரெல்லாம் ஊக்கில் தொங்கும் ஜாக்கெட்டுகள். யோகேஸ்வரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். தொண்ணூறில் மன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்தபோது சிறுமி. உள்ளே ஸ்டூலில் நிறைமாதமாக நிரோஷா என்ற பெண் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். முனியசாமி என்னை டீச்சர் என்று அறிமுகம் செய்தார். நான் பேசாமல் படத்தைக் காட்டினேன். யோகேஸ்வரி படத்தை ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு ஆசையாக என் முகத்தைப் பார்த்தார்.

“பிள்ளை சுகமா இருக்கோ? இப்ப ஆறு மாசமெல்லோ. தவழத் தொடங்கிட்டுதோ?”

எந்தப் பிள்ளை என்று கேட்டேன்.

“போர்வை வாங்கிக்கொண்டு போன தங்கச்சியின்ர பிள்ளை. நீங்க அவையின்ர வீட்டில இருந்துதானே வாறியள்?”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் விளங்கியது. தை மாதத்தில் நிவேதா இந்தக் கடைக்கு வந்து, இந்தப் போர்வையைக் கொஞ்ச நாளைக்குத் தருவீர்களா என்று கேட்டிருக்கிறார். முகாமில் வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீடுகளில் ஒரு வழக்கம். இந்தப் போர்வையை ஒருவர் வந்து கேட்டால், அந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, அல்லது பிறக்கப்போகிறது என்று அர்த்தம். யாருக்கு, எப்போது என்று வாய்விட்டுக் கேட்டால் கண் பட்டுவிடும். அதனால் கேட்கவே மாட்டார்கள். எடுத்து மடித்துக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்ததைத் திருப்பியும் கேட்கக் கூடாது. பிள்ளை நடந்த பிறகு அவர்களே கொண்டுவர வேண்டும். முந்திக் கேட்டால் அந்தப் பிள்ளைக்குக் கெடுதல் நினைத்தது போலாகும். நிவேதாவுக்கும் அப்படியே கொடுத்தார்கள். போர்வையோடு ஒரு வசம்பு வளையலும் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இந்த லைனில் பெண்கள், இருக்கவே இருக்காத ஒரு பிள்ளைக்கு மாதம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்தப் போர்வையில் மூன்றாவதாகப் படுத்த பிள்ளை நிரோஷா. மஞ்சள் ஒட்டு அவள் அம்மா தைத்தது. தன் பிள்ளையும் அதில் படுக்க வேண்டும் என்பது அவள் கல்யாணமான நாளிலிருந்து வைத்திருந்த ஆசை. போர்வையைக் கொடுத்த தை மாதத்தில் அவளுக்கு மூன்று மாதம், அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதன்பிறகு கேட்க வழியில்லை. இன்னும் பத்து நாளில் பிரசவம் என்று ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள்.

“பரவாயில்ல டீச்சர்” என்றாள் அவள், கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். “முதல்ல கேட்ட பிள்ளைக்குத்தானே.”

பிள்ளை சுகம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஒரு நிமிடம் நிஜமாகவே நினைத்தேன். சொன்னால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், இந்தப் பெண்ணின் குழந்தை வெறும் பாயில் படுக்கும். உண்மையைச் சொன்னேன். பிள்ளை எதுவும் இல்லை, போர்வையைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், பார்க்க இருநூறு ரூபாய் டிக்கெட், முடிச்சுகள் உங்கள் மனக்காயம் என்று எழுதியிருக்கிறார்கள்.

யோகேஸ்வரிக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை. “பிள்ளை இல்லையோ” என்று இரண்டு தரம் கேட்டார். மிஷினில் இருந்த துணியை உருவி மடித்து வைத்தார். செத்துப்போன பிள்ளைக்கு அழலாம், பிறக்கவே பிறக்காத பிள்ளைக்கு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிறகுதான் முடிச்சு ஞாபகம் வந்தது.

“காயமோ? என்ன காயம்? முடிச்சு மேல கிடந்தாத்தானே பிள்ளையின்ர முதுகில குத்தாது. பின்பக்கம்தான் பிள்ளை படுக்கிற பக்கம்.”

அந்தப் பின்பக்கத்தில்தான் பசைக் கேன்வாஸ் ஒட்டியிருக்கிறது என்பதை அன்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. ஒரே நாளில் இரண்டு சேதி சொல்லும் தைரியம் இல்லை. மண்டபத்தில் அறுநூறு ரூபாய்க்கு ஒரு லாட்ஜில் தங்கினேன்.

சனிக்கிழமை. காலையில் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் இருந்தது. அதற்கு ஆஜராகாவிட்டால் பெரிய தொல்லை. அது முடிந்து அனுமதி வாங்கிக்கொண்டு அவர்கள் வெளியே வர பதினொன்றரை ஆகிவிட்டது. யோகேஸ்வரியும் அவர் லைனில் இன்னும் இரண்டு பெண்களும். மூன்று பேருமே அந்தப் போர்வையில் ஒட்டுத் தைத்தவர்கள், நல்ல சேலை கட்டியிருந்தார்கள். முனியசாமியின் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து பாலம் தாண்டினோம். கேன்வாஸ் விஷயத்தைப் பாம்பன் வந்ததும் சொன்னேன். யோகேஸ்வரிக்குத் தையல் தெரியும், விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

அரங்க வாசலில் காவலாளி ஆளுக்கு இருநூறு கேட்டான். தங்கள் கையால் தைத்ததைப் பார்க்கத் தைத்தவர்களே டிக்கெட் எடுக்க வேண்டும் என்ற நிலைமையை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அவனுக்குக் கொடுத்த உத்தரவு அப்படி. மூன்று டிக்கெட்டும் எடுத்தேன்.

நிவேதாவுக்கு அவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அது நடிப்பு என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் கவனியுங்கள், மண்டபத்திலிருந்து பெண்கள் வந்திருக்கிறார்கள் என்று அறிவித்தார். பயிற்சி வகுப்புக்காரர்கள் எழுந்து வந்து கைதட்டினார்கள். ஒரு பையன் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். போர்வைக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள், சிரிக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். சிரிக்க வேண்டாம் என்று சொன்னதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்.

யோகேஸ்வரி நிற்கவில்லை. நேராக நிவேதாவிடம் போனார்.

“தங்கச்சி, உங்கட பிள்ளை எங்க?”

“எனக்கா? எனக்குக் குழந்தை இல்லையே ஆன்ட்டி.”

“அக்கா, தங்கச்சிமாருக்கு?”

“யாருக்கும் இல்லை. ஏன் கேக்கறீங்க?”

யோகேஸ்வரி தலையாட்டினார். இவ்வளவு தூரம் வந்தும், நான் சொன்னது பொய்யாக இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை அவருக்கு இருந்திருக்கிறது. அது அந்த இடத்தில் போய்விட்டது. போர்வைப் பக்கம் திரும்பினார்.

“அப்ப இதை நாங்க கொண்டு போறம்.”

நிவேதாவுக்குப் பதற்றம் வந்தது. கண்காட்சிப் புத்தகத்தின் அட்டையிலேயே இந்தப் படம்தான், அடுத்து வேறு ஊர்களுக்குப் போக வேண்டும், இப்படித் திடீரென்று எடுக்க முடியாது என்றார். கடைசியில், நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்றார்.

“ஓம், குடுத்தனாங்கள்தான்” என்றார் யோகேஸ்வரி. குரல் உயரவே இல்லை. “பிள்ளைக்கெண்டு குடுத்தனாங்கள். சுவருக்கெண்டு கேட்டிருந்தா, சுவருக்கு வேற தைச்சுத் தந்திருப்பம்.”

கைதட்டிய கூட்டம் தரையைப் பார்த்தது. கோவைக்காரப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து சுவரோரம் போட்டார். யோகேஸ்வரி ஏறி, கம்பியிலிருந்து போர்வையைக் கழற்றினார். நான் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வளையலை எடுத்தேன், ஒருவரும் தடுக்கவில்லை. நிவேதா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு சின்னக் குரலில், கழற்றுவதையாவது படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மாலை 4 மணி. கடையில் போர்வையை மிஷின் மேல் விரித்தோம். விரித்தோம் என்று சொல்வது தப்பு, அட்டையைப் போல வைத்தோம். நிரோஷா கையால் தடவிப் பார்த்தாள். மடித்துப் பார்த்தாள், மடிந்த இடம் காகிதம் போல நின்றது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, ஈரத்துணி வைத்துத் தேய்த்து, சூட்டோடு ஒரு மூலையை உரித்தேன். பழைய பருத்தி கேன்வாசோடு சேர்ந்து கிழிந்து வந்தது. பசை உள்துணி வரை இறங்கியிருந்தது. மேல்பக்கம் முடிச்சு குத்தும், கீழ்ப்பக்கம் பசை அறுக்கும். பதினொரு பிள்ளைகள் உறங்கிய போர்வையில் இனி ஒரு பிள்ளையைக் கிடத்த ஒரு பக்கம்கூட இல்லை. ஐம்பது வருடம் அப்படியே நிற்கும் என்று அந்தப் பெண் சொன்னது நிஜம்தான்.

நிரோஷா அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து மஞ்சள் ஒட்டைக் காட்டினாள். அது மேலோடுதான் தைத்திருந்தது, அடித்துணி வரை ஊசி போகவில்லை. பசை அதைத் தொடவில்லை. பிளேடு கேட்டாள். பதினொரு ஒட்டையும் பிரிக்கலாம் என்று யோகேஸ்வரி சொன்னார். பிரித்தால் அவரவர் தைத்த தையல் போய்விடும், ஒட்டு மட்டும்தான் மிஞ்சும். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் முதல்முறையாக உடைந்தது.

அன்று ஆறு மணி வரையும், ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கவும் பிரித்தோம். பொடித்தையல் போட்ட ஒட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதைத் தைத்தவர் இப்போது உயிரோடு இல்லை. ஒவ்வொரு தையலாக அறுத்தபோது நான் வைத வசவுகளுக்கு அளவில்லை. அந்த ஒட்டுகளை வைத்துப் புதுப் போர்வை தைக்க, அடித்துணிக்கு லைனில் வீடு வீடாகப் பழைய பருத்திச் சேலைகள் வந்தன. நானும் தைக்கட்டுமா என்று கேட்டேன். அந்தப் போர்வையில் நீங்கள் பிள்ளை கிடத்தவில்லையே என்றார் யோகேஸ்வரி, ஆனால் பிரிக்கலாம், அதற்கு யாரும் போதும் என்றார். எனக்குக் கொஞ்சம் வலித்தது. நியாயம்தான் என்று பட்டது.

ஞாயிறு பிற்பகல் ராமநாதபுரம் போய் மதுரை பஸ் பிடித்தேன். அடுத்த சனிக்கிழமை எங்கள் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருந்தபோதே சுவரோரம் பிளாஸ்டிக் உறை போட்டு அடுக்கியிருக்கும் எங்கள் பதினாறு போர்வைகளும் கண்ணில் பட்டன. போட்டிக்கு வைக்க, படம் எடுத்து அனுப்ப. அவற்றில் ஒன்றைக்கூட இன்றுவரை யாரும் போர்த்திக்கொண்டு தூங்கியதில்லை. பேச்சை நிறுத்திவிட்டு எல்லா உறைகளையும் கிழித்துப்போட்டேன். வீட்டில் எனக்கு இருந்த சண்டைக்காரி என்ற பெயர் அதோடு உறுதியாகிவிட்டது.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை யோகேஸ்வரி செல்போனில் கூப்பிட்டார். நிரோஷாவுக்குப் பெண் பிள்ளை. புதுப் போர்வையில் அதுவரை ஏழு ஒட்டுதான் தைத்து முடிந்திருந்தது, அதிலேயே கிடத்திவிட்டார்கள். மிச்சம் நாலையும் பிள்ளை பால் குடிக்கிற நேரமாகப் பார்த்துத் தைக்கிறார்களாம். எனக்கு வாய் நிறையச் சிரிப்பு வந்தது. போனை வைக்கப் போனவர் இன்னொன்றும் சொன்னார்.

“அந்தத் தங்கச்சிக்கு ஒரு சேதி சொல்லிவிடுங்கோ டீச்சர். எப்பவாவது அவவுக்கு ஒரு பிள்ளை கிடைச்சா வந்து கேக்கட்டும். ஒண்டும் கேக்காமல் குடுப்பம்.”

நிவேதாவின் எண் என்னிடம் இருக்கிறது. சொல்கிறேன் என்று யோகேஸ்வரிக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது, நான் இன்னும் சொல்லவில்லை. அவர்களுக்கு இருக்கிற மனசு எனக்கு இல்லை.